கழித்தல் முப்பது

1

போன ஞாயிற்றுக்கிழமை நானும் என் மகளும் ஈப்போவுக்கு மேற்கே ஒரு குன்றின் மேல் நின்று, வடக்கிலிருந்து வரும் பருந்துகளை எண்ணினோம். காலை ஒன்பது மணிக்குத் தொடங்கி மாலை நாலரை வரை எண்ணினோம். நடுவே இரண்டு மணி நேரம் மழை. நாள் முடிவில் தாளில் எழுதிய மொத்தம், கழித்தல் முப்பது. பறவைகளின் எண்ணிக்கை எப்படிப் பூஜ்யத்துக்குக் கீழே போகும் என்று வேதாரண்யத்தில் உட்கார்ந்து இதைப் படிக்கிற நீங்கள் கேட்பீர்கள். சொல்கிறேன். ஆனால் உண்மையான மொத்தம் கழித்தல் முப்பத்தொன்று. அந்த ஒன்று எங்கே போயிற்று என்பதை நான் யாரிடமாவது சொல்லியாக வேண்டும்.

என் மகள் கயல்விழி இதைப் படிக்க மாட்டாள். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தவள்தான். கடைப் பலகையைப் படிப்பாள், கல்யாணப் பத்திரிகையில் தேதியைக் கண்டுபிடிப்பாள். நாலு பக்கம் அச்சுத் தமிழைக் கையில் கொடுத்தால், "நீங்களே சொல்லுங்கப்பா, என்னா எழுதிருக்கீங்க" என்பாள். நானும் ஏதாவது சொல்லிவைப்பேன். நம் பள்ளிக்கூட நண்பர்கள் நடத்தும் இந்த இதழ் மலேசியாவுக்கு ஒரே ஒரு பிரதிதான் வருகிறது, அதுவும் என் பெயருக்கு. அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

2

பருந்து எண்ணுவது என் தொழில் இல்லை. நான் ஈப்போவை ஒட்டிய மெங்லெம்பில் ஒரு லேத்துப் பட்டறையில் கடைசல் வேலை பார்ப்பவன். வேலை நேரத்தில் வானத்தைப் பார்த்தால் விரல் போய்விடும். எண்ணியவள் என் மனைவி வாசுகி. அவள் பத்து காஜா என்ற ஊருக்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். அவளுடைய தாத்தா நம் பக்கத்திலிருந்து கப்பலேறிப் போய்ப் பால் வெட்டியவர். ரப்பர் மரத்துக்கு இங்கே பால்மரம் என்று பெயர். மரங்களைச் சாய்த்துச் செம்பனை வைத்தார்கள், பிறகு செம்பனையிலும் பாதி போய் வீட்டுமனை ஆயிற்று. குடும்பம் டவுனுக்கு வந்தது. வாசுகி ஒரு பள்ளியில் அறிவியல் கூட உதவியாளராகச் சேர்ந்தாள். அங்கே ஒரு ஆசிரியை பழக்கிவிட்டதில், அக்டோபர் வந்தால் ஞாயிறுதோறும் குன்றேறிப் பருந்து எண்ணும் பைத்தியம் அவளைப் பிடித்துக்கொண்டது.

வடக்கே குளிர் தொடங்கியதும் தேன்பருந்துகளும் சின்ன வல்லூறுகளும் கூட்டமாகக் கிளம்பி, இந்தத் தீபகற்பத்தின் மலைகளைப் பிடித்துக்கொண்டே தெற்கே போகின்றன. சுமத்ரா வரைக்கும், அதற்கு மேலும். எண்ணுகிறவர்களுக்கு ஒரு சங்கம் அச்சடித்த தாள் கொடுக்கும். அதன் தலைப்பில் 'இலையுதிர்காலக் கணக்கெடுப்பு' என்று ஆங்கிலத்தில் இருக்கும். இந்த நாட்டில் இலையுதிர்காலம் ஏது? வருடத்துக்கு ஒருமுறை ஒழுங்காக இலை கொட்டியது பால்மரம் ஒன்றுதான், அதுவும் மாசியில். அந்த மரங்களும் இப்போது இல்லை. அக்டோபரில் இங்கே இருப்பது காற்றும் இடியும் மண்சரிவும்தான்.

எண்ணுவதில் ஒரு விதி இருக்கிறது. குன்றின் உச்சியில் இருக்கும் தொலைத்தொடர்புக் கோபுரத்துக்கும், பள்ளத்தாக்கின் எதிர்ப்பக்கம் கல்லுடைத்து வெள்ளையாகத் தெரியும் சுண்ணாம்பு மலைக்கும் நடுவே ஒரு கோடு இருப்பதாக வைத்துக்கொள்ள வேண்டும். வடக்கிலிருந்து வந்து அந்தக் கோட்டைத் தாண்டித் தெற்கே போனால் ஒன்று. வானம் கெட்டு, தெற்கே இருந்து வடக்குப் பக்கம் திரும்பி வந்தால் கழித்தல் ஒன்று. நேற்றோ முன்தினமோ தாண்டிப் போனதும் இன்று திரும்பலாம் என்பதால், புயல் நாளில் மொத்தம் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கிவிடும். முதல்முறை கேட்டபோது நான் சிரித்தேன்.

"அவ்வளவு தூரம் பறந்து வந்ததை எப்படிடி இல்லைன்னு எழுதுவே?"

"வந்தத எழுதலீங்க. போனதத்தான் எழுதறோம்" என்றாள் வாசுகி. "திரும்பிட்டா போகலன்னுதான் அர்த்தம். பாவம் பாத்து ஒண்ணக் கூட்டிப் போட்டா, அப்பறம் மொத்தத் தாளும் பொய்தான்லா."

கல்யாணமான புதிதில் நம் ஊருக்கு வந்தபோது கோடியக்கரைக்குப் போக வேண்டும் என்று அவள் ஒற்றைக்காலில் நின்றது உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். பூநாரை பார்க்கவாம். பிறந்ததிலிருந்து பக்கத்திலேயே இருந்தும் நான் ஒருநாள் அவற்றை நிமிர்ந்து பார்த்ததில்லை. பட்டுப்புடவையை முழங்காலுக்கு ஏற்றிச் செருகிக்கொண்டு, கழுத்தில் தொலைநோக்கியோடு அவள் சேற்றில் நின்றதைப் பார்த்து அண்ணி சிரித்துச் சிரித்துப் புரையேறிப் போனாள். எனக்கு அன்றைக்கு வெட்கமாக இருந்தது. இப்போது அந்த வெட்கத்தை நினைத்தால் எனக்கே என்னை அறைய வேண்டும் போலிருக்கிறது.

வாசுகி போய் நான்கு வருடம் ஆகிறது. கணையத்தில் கட்டி. அவள் போனதும் ஒரு அக்டோபர். அதற்குப் பிறகு வந்த மூன்று அக்டோபரிலும் நான் மட்டும் போய் நின்றேன். வல்லூறுக்கும் காக்கைக்கும் வித்தியாசம் தெரியாமல் எதையோ எழுதிக் கொடுத்தேன். கயல் வரவில்லை, நானும் கூப்பிடவில்லை. இந்த வருடம் நான்தான் கூப்பிட்டேன். எனக்கு அவளிடம் ஒன்று கேட்க வேண்டியிருந்தது.

3

நான் இங்கே வந்து இருபத்து மூன்று வருடம். வீட்டோடு மாப்பிள்ளை என்று நம் ஊரில் கேலி செய்வீர்களே, நான் அதற்கும் ஒரு படி மேலே, நாட்டோடு மாப்பிள்ளை. மனைவி குடியுரிமைக்காரி, கணவன் அந்நியன். வருடத்துக்கு ஒருமுறை வாசுகி என்னைக் கையைப் பிடிக்காத குறையாக அழைத்துக்கொண்டு போய், இவர் என் புருஷன்தான், இன்னும் என்னோடுதான் இருக்கிறார் என்று கவுண்டரில் கையெழுத்துப் போட வேண்டும். உடனே இங்கே தங்குவதற்கான என் பாஸில் ஒரு சாப்பு விழும். முத்திரையை இங்கே எல்லோரும் சாப்பு என்றுதான் சொல்கிறார்கள். என் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக இருப்பதால் கவுண்டரில் "கோவிந்தசாமி" என்று கூப்பிடுவார்கள். வேதாரண்யத்தை விட்டு வெளியே காலெடுத்து வைக்காத என் அப்பா இருபத்து மூன்று வருடமாக ஈப்போவில் வரிசையில் நிற்கிறார்.

வாசுகி போன பிறகு இரக்கப்பட்டு ஒவ்வொரு வருடமாக நீட்டித்தார்கள். நிரந்தரவாசத்துக்குப் போட்ட விண்ணப்பம் தனியாக எங்கோ நகர்ந்துகொண்டிருந்தது. நிரந்தரவாசிக்குக் கொடுக்கும் அடையாள அட்டையை இங்கே சிவப்பு ஐசி என்பார்கள். இந்த மாதத் தொடக்கத்தில் பதில் கடிதம் வந்தது. என் மலாய் பட்டறை மலாய். போல்ட், நட்டு, நாளைக்கு வா, இன்று ரெடி இல்லை, அவ்வளவுதான். ஆனால் கடிதத்தின் முதல் சொல் 'டுகாசித்தா'. நம்முடைய துக்கம்தான் அங்கே போய் உட்கார்ந்திருக்கிறது. துக்கத்தோடு தெரிவிக்கிறோம் என்று ஒரு கடிதம் தொடங்கினால் மேலே படிக்க மொழி வேண்டுமா என்ன. விண்ணப்பம் ஏற்கப்படவில்லை, பாஸ் டிசம்பர் கடைசியோடு முடிகிறது.

கடிதத்தை எடுத்துக்கொண்டு போனேன். கவுண்டரில் இருந்த மலாய்ப் பெண் நல்லவள். கணினியை வெகுநேரம் பார்த்துவிட்டு, இருபத்தொரு வயதான பிள்ளை யாராவது உண்டா என்று கேட்டாள். மகள் இருக்கிறாள், ஆகஸ்டில்தான் இருபத்தொன்று முடிந்தது என்றேன். அப்படியென்றால் மகள் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போடட்டும், முயன்று பார்க்கலாம் என்று ஒரு படிவத்தை எடுத்து, பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுத்தாள். இரண்டு நிபந்தனை சொன்னாள். மகள் ஒவ்வொரு வருடமும் நேரில் வர வேண்டும். மகள் இந்த நாட்டில் வசிக்க வேண்டும்.

அந்த உறையோடு பத்து நாள் வீட்டுக்கும் பட்டறைக்குமாக அலைந்தேன். பெற்ற மகளிடம் ஒரு கையெழுத்துக் கேட்பதற்கு ஏனடா இவ்வளவு தயக்கம் என்று கேட்பீர்கள்.

4

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். தப்பு என்னுடையது.

கயலுக்கு ஒன்பது வயதிருக்கும்போதே வாசுகி சிவப்பு ஐசிக்கான படிவத்தை வாங்கிவந்துவிட்டாள். "பூர்த்தி பண்ணிக் குடுங்க, நான் அலையறேன்" என்றாள். நான் அதை வாங்கிக் குளிர்சாதனப் பெட்டியின் மேலே வைத்தேன். இன்னும் இரண்டு வருடம், கொஞ்சம் சேர்த்துக்கொண்டு ஊருக்கே போய்விடப் போகிறோம், இதெல்லாம் எதற்கு என்பது என் எண்ணம். வெளிநாட்டில் இருக்கிறவன் எல்லோருக்கும் அந்த இரண்டு வருடம் இருக்கும். அது குறையாது. ஒருநாள் அவசரத்துக்கு அந்தப் படிவத்தின் பின்பக்கத்தில்தான் பட்டறையில் கடைய வேண்டிய ஒரு புஷ்ஷுக்கு அளவு வரைந்தேன். வாசுகி பார்த்தாள். அடுத்த வருடம் இன்னொரு படிவம் வாங்கிவந்தாள். அதுவும் பெட்டியின் மேலேதான் போயிற்று. அவளுக்கு உடம்பு முடியாமல் போன பிறகுதான் நான் பதறிப் போய் விண்ணப்பம் போட்டேன்.

இதைவிடப் பெரிய தப்பு என் வாய். குழம்பில் உப்பு கூடினால் ஊருக்குப் போகிறேன். மழை விடாமல் பெய்தால் ஊருக்குப் போகிறேன். மாமனாரோடு மனஸ்தாபம், முதலாளியோடு சண்டை, டுரியான் வாசம், எதுவானாலும் ஊருக்குப் போகிறேன். "இது ஒரு ஊராடி? நான் அங்கே போய் நிம்மதியாச் சாவேன்" என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. நான் வந்தபோது கொண்டுவந்த பெரிய பெட்டி இன்னும் அலமாரி மேலேயே இருக்கிறது, தூசி படாமல் உறை போட்டு. பரணில் தூக்கிப் போட விட்டதில்லை.

அதெல்லாம் பேச்சு. நம் ஆட்கள் அத்தனை பேரும் பேசுகிற பேச்சு. தலைவலிக்கு முருகா என்பது போலத்தான். இங்கேயே பிறந்த குழந்தைக்கு அது பேச்சு என்று தெரியாது. அது அப்பாவின் ஆசை என்று நினைத்துக்கொள்ளும்.

கடிதம் வந்த மறுநாள் வேதாரண்யத்துக்கு அண்ணனைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். வந்துவிடலாமா என்று பார்க்கிறேன் என்று சொன்னேன். "வாடா, இது ஒன் வீடுதான்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "மாடி ரூம்ல பேங்க்காரர் குடியிருக்காரு, அவரைக் கெளப்ப முடியாது, கூடத்துல படுத்துக்கலாம்" என்றார். அப்புறம், "திரும்புற டிக்கெட்டும் சேத்தே எடுத்துட்டியா?" என்று கேட்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. இருபத்து மூன்று வருடத்தில் நான் திரும்புகிற டிக்கெட் இல்லாமல் போனதே இல்லை.

எனக்கு அங்கே போக விருப்பமில்லை. இதை எழுதும்போதே கை கூசுகிறது, இருந்தாலும் எழுதுகிறேன். மெங்லெம்பில் என் லேத் எந்த வேகத்தில் எந்தச் சத்தம் போடும் என்று எனக்குத் தெரியும். காலையில் கோப்பிக்கடைக்காரி என் முகத்தைப் பார்த்ததும் சீனி குறைத்துப் போடுவாள். வாசுகியின் சாம்பலை இங்கே ஆற்றில்தான் விட்டோம். நான் இருக்க வேண்டிய இடம் இது என்று எனக்குத் தெரிந்தபோது, இருக்கக் கூடாது என்று கடிதம் வந்துவிட்டது.

5

குன்றுக்குத் தார்ச்சாலை உண்டு, வண்டி விட மாட்டார்கள், நடக்க வேண்டும். அன்று காலை ஏழு மணிக்கே காற்று மரங்களை உலுக்கிக்கொண்டிருந்தது. இரண்டு இடத்தில் மண் சரிந்து பாதி சாலையை மூடியிருந்தது. கயல் முன்னால் போனாள், அம்மாவின் தொலைநோக்கியைக் கழுத்தில் போட்டுக்கொண்டு. அவள் ஈப்போவில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். இரவுப் பணி முடிந்து நேராக வந்திருந்தாள்.

கோபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகை. அதில் சிவம் அண்ணே காவல் இருக்கிறார். எழுபது வயது. வாசுகி பிறந்த அதே தோட்டத்து ஆள். அவர் பிறந்தபோது அப்பா பதிவு செய்ய மறந்ததால், இந்த மண்ணிலேயே பிறந்தும் கையில் சிவப்பு ஐசிதான். எனக்குக் கிடைக்காத அதே சிவப்பு. அவருக்குக் குடிமக்களுக்கான நீலம் கிடைக்கவில்லை என்று வருத்தம், எனக்குச் சிவப்பு கிடைக்கவில்லை என்று. இரண்டு பேரும் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறோம்.

கயல் தாளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தபோது அவர் என்னைத் தனியாக இழுத்தார்.

"போராங் கொண்டாந்தியா?" படிவத்தைத்தான் கேட்டார்.

சட்டைக்குள் வைத்திருந்த பிளாஸ்டிக் உறையைத் தொட்டுக் காட்டினேன்.

"இன்னிக்கிக் கேட்டுரு தம்பி. மக தானேலா, அந்நியமா? ஒரு சைன். அவ்வளவுதான்" என்றார். "நான் அறுபது வயசு வரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்தேன், நான் கேக்க வேண்டிய ஆளு ஆபீஸ்ல. ஒனக்கு ஆளு வீட்லயே இருக்கு."

ஒன்பதிலிருந்து பத்து வரை முப்பத்தெட்டு தாண்டின. பத்திலிருந்து பதினொன்றுக்குள் வெயில் கொஞ்சம் எட்டிப் பார்த்தது. பள்ளத்தாக்கில் சூடேறியதும் தேன்பருந்துகள் கோயில் மண்டபத்துப் புறா மாதிரி வட்டம் சுற்றிச் சுற்றி மேலே ஏறி, ஓர் உயரத்தில் சிறகை விரித்தபடி வரிசையாகத் தெற்கே வழுக்கிக்கொண்டு போயின. அறுபத்து நான்கு. கயலுக்கு எண்ணுவது அம்மாவின் கையோடு வந்திருக்கிறது. உதடு அசையாமல் பத்துப் பத்தாக எண்ணி, தாளைப் பார்க்காமலே கோடு போட்டாள். அந்த ஒரு மணி நேரம் நான் சந்தோஷமாக இருந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். படிவத்தை நீட்டிவிடலாம் என்று மூன்று தடவை கை உள்ளே போயிற்று. ஒவ்வொரு தடவையும், இந்தக் கூட்டம் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

பதினொன்றுக்கு மேல் இருபத்தேழு. அதன் பிறகு தெற்கே, கம்பார் பக்கம், வானம் கன்றிப்போன உடம்பு போலாயிற்று.

6

பன்னிரண்டரைக்குத் திரும்பத் தொடங்கின. முதலில் ஒன்று, காற்றில் பக்கவாட்டில் தள்ளாடிக்கொண்டு. பிறகு பத்து. பிறகு வானத்தின் அந்த மூலையிலிருந்து ஒரு கூட்டமாக, உயரமெல்லாம் இழந்து, மரங்களை உரசுகிற மாதிரி தாழ்வாக வடக்கே ஓடிவந்தன. சில எங்களுக்கு மிக அருகில் போனபோது நெஞ்சு இரைப்பது தெரிந்தது. கயல் கழித்தல் கட்டத்தில் கோடுகளைப் போட்டுக்கொண்டே இருந்தாள். நூற்றுப் பன்னிரண்டு.

"காலையில் போனதுதானே இதெல்லாம்? விட்டுடேன்" என்றேன்.

"முடியாதுப்பா. அம்மா ரூல்."

காற்று தாளின் மேல் போட்டிருந்த பிளாஸ்டிக்கைப் பிய்த்துக்கொண்டு போயிற்று. முதல் துளிகள் விழுந்தன. அவள் தாளை மார்போடு அணைத்துக்கொண்டு, கோபுரத்தின் காங்கிரீட் அடித்தூணோடு ஒட்டி நின்றாள். நானும் ஒட்டி நின்றேன். இப்போது கேட்காவிட்டால் எப்போதும் கேட்க மாட்டேன் என்று தோன்றியது. வாயைத் திறந்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"அப்பா, அந்த லெட்டர நான் பாத்துட்டேன்."

"எந்த லெட்டர்?"

"டிராயர்ல இருந்துச்சுலா. நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேன்." மழையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "மொதல்ல அழுதேன்பா, பொய் சொல்ல மாட்டேன். அப்பறம் யோசிச்சேன். நான் பொறந்ததுலேர்ந்து நீங்க ஊருக்குப் போகணும், ஊருக்குப் போகணும்னுதான் சொல்றீங்க. அம்மாவுக்காக இருந்தீங்க. அம்மா போயி, எனக்காக இருந்தீங்க. அந்தப் பெட்டிய எத்தன வருஷமா பாக்கறேன். இப்ப இவங்களே போகச் சொல்லிட்டாங்க. இனிமேலாச்சும் உங்களுக்குப் புடிச்ச எடத்துல இருங்கப்பா."

அத்தனையும் என் வாயிலிருந்து வந்த வார்த்தைகள். ஒன்றைக்கூட அவளாகச் சேர்க்கவில்லை.

"இன்னொண்ணு" என்றாள். "ஆஸ்திரேலியால, பெர்த்ல, அந்த ஆஸ்பத்திரிக்காரங்க மறுபடி கூப்பிட்டாங்க. போன வருஷம் வேணாம்னு சொன்னேன்ல, அது உங்களத் தனியா விட்டுட்டுப் போக மனசு வரலப்பா, அதான். இப்ப நீங்க ஊர்ல பெரியப்பாகூட இருப்பீங்கன்னா எனக்குக் கவல இல்ல. வெள்ளிக்கெழம சரின்னு சொல்லிட்டேன். இன்னும் சைன் பண்ணல." என் பக்கம் திரும்பினாள். "உங்களுக்கு வேணாம்னா சொல்லுங்க. ஓக்கேதான்பா, நான் இங்கயே இருந்துடறேன்."

அவள் அம்மாவைப் போலவே கண்ணை நேராகப் பார்த்துக் கேட்கிறவள். நான் வேண்டாம் என்று சொன்னால் இருந்துவிடுவாள். முகம் கோணாமல் இருந்துவிடுவாள். வருடாவருடம் என்னைக் கூட்டிக்கொண்டு கவுண்டருக்கு வந்து, கோவிந்தசாமி என்று கூப்பிட்டதும் எழுந்து வந்து கையெழுத்துப் போடுவாள். முப்பது வயதிலும் போடுவாள், நாற்பது வயதிலும் போடுவாள். நான் அவளை இந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கமே வைத்துக்கொள்ளலாம்.

"எதுக்கு வேணாங்கறேன்?" என்றேன். "பெரியப்பா மாடி ரூமை ஒழிச்சு வெள்ளையடிச்சு வெச்சிருக்காங்க. எப்ப வர்றேன்னு தெனம் கேக்கறாங்க."

"நெசமாவா?"

"பின்னே."

அவள் முகம் அப்படியே தெளிந்தது. அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

தாளின் ஓரம் நனைந்து மை கலங்கத் தொடங்கியது. சட்டைக்குள் கைவிட்டு அந்த உறையை எடுத்தேன். உள்ளேயிருந்த படிவத்தை உருவி நாலாக மடித்துக் கால்சட்டைப் பையில் திணித்துக்கொண்டு, உறையை அவளிடம் கொடுத்தேன். அவள் தாளை அதில் பத்திரமாக நுழைத்தாள்.

"உள்ள என்னா பேப்பர்பா அது?"

"பட்டறைப் பேப்பர். பழசு."

பிறகு மழை வந்தது. இரண்டு பேரும் சிவம் அண்ணனின் கொட்டகைக்கு ஓடினோம். தகரத்தில் விழுந்த மழைச் சத்தத்தில் யாரும் பேச முடியாது. அவர் கோப்பி ஊற்றிக் கொடுத்துவிட்டு, கயலின் தலைக்கு மேலாக என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். நான் தலையை அசைத்தேன், இல்லை என்று. அவர் என்னையும் கயலின் கையில் இருந்த பிளாஸ்டிக் உறையையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் என் குவளையில் இன்னும் கொஞ்சம் கோப்பி ஊற்றினார். பையில் இருந்த படிவம் ஊறித் தொடையில் சில்லென்று ஒட்டிக்கொண்டது.

7

மூன்று மணிக்கு மேல் மழை தூறலாகிவிட, மறுபடி வெளியே நின்றோம். தாண்டியவை ஒன்றும் இல்லை. தெற்கே மின்னல் வெட்டிக்கொண்டே இருந்தது. ஈரச் சிறகோடு கொஞ்சம் கொஞ்சமாக நாற்பத்தெட்டு திரும்பி வந்து, எங்களுக்குக் கீழே காட்டு மரங்களில் இறங்கின. கயல் கூட்டிக் கழித்துப் பார்த்தாள். போனவை நூற்று இருபத்தொன்பது, திரும்பியவை நூற்று அறுபது. கழித்தல் முப்பத்தொன்று.

"அம்மா ஒரு தடவகூட மைனஸ் எழுதினதில்லல?" என்று கேட்டாள்.

"ஒரு தடவை எழுதியிருக்கா. வீட்டுக்கு வந்து சோறு சாப்பிடல."

கயல் சிரித்தாள். பையைக் கட்டும்போது பெர்த்தைப் பற்றிப் பேசினாள். அங்கே நிஜமாகவே இலையுதிர்காலம் வருமாம், ஆனால் ஏப்ரலில். அங்கே இருக்கிற பருந்துகளை எண்ண ஆள் தேவையா என்று விசாரிக்கப் போகிறாளாம். நான் ஆமாம் ஆமாம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அங்கே அவளும் ஒரு கவுண்டரில் வரிசையில் நிற்பாள். அவளுடைய பாஸ்போர்ட்டில் என் பெயர் இருக்கிறது. இனி அந்த ஊரில் என்னைக் கூப்பிடுவார்கள்.

நாலரைக்கு, தாளை மூடப் போகும் நேரத்தில், மேகத்துக்கு அடியில் தனியாக ஒரு தேன்பருந்து வந்தது. வடக்கிலிருந்து வந்தது. இவ்வளவு பேர் திரும்பி வந்ததைப் பார்த்த பிறகும் அது தெற்கே போகப் பார்த்தது. கயல் தொலைநோக்கியைத் தூக்கினாள், கண்ணாடியில் தண்ணீர். சட்டை நுனியால் துடைத்தாள், இன்னும் மங்கியது. நான் வெறும் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன். அது கோபுரத்துக்கு நேர் மேலே வந்து, கோட்டைத் தாண்டி, பள்ளத்தாக்கின் மேல் கொஞ்ச தூரம் போயிற்று. எதிர்க்காற்று மோதி நின்ற இடத்திலேயே நின்றது. இன்னும் கொஞ்சம் தள்ளிப் பார்த்தது. பிறகு சிறகை ஒடுக்கிக்கொண்டு திரும்பியது. எங்கள் தலைக்கு மேலாகவே வந்து, கோட்டையும் கடந்து, வடக்குச் சரிவில் போய் இறங்கியது. வாசுகி இருந்தால் போனதற்கு ஒன்றைக் கூட்டி, திரும்பியதற்கு ஒன்றைக் கழித்து, முப்பத்தொன்றை அப்படியே விட்டிருப்பாள்.

"போச்சாப்பா, திரும்பிடுச்சா? எனக்கு ஒண்ணும் தெரியல" என்று கேட்டாள் கயல்.

"போயிடுச்சு."

"ஷுவரா?"

"தாண்டிப் போயிடுச்சும்மா. நான் பாத்தேன்."

அவள் உறையிலிருந்து தாளை எடுத்து, போனவை என்ற கட்டத்தில் ஒரு கோடு போட்டாள். முப்பத்தொன்றை அடித்து முப்பது என்று எழுதிவிட்டு, பேனாவை மூடினாள். பார்த்தவர்கள் என்ற இடத்தில் தன் பெயரை எழுதி, அதற்கு முன்னால் என் பெயரையும் எழுதினாள்.

இறங்கி வரும் வழியில், மண் சரிந்த இடத்தில் எனக்குக் கை கொடுத்துத் தாண்ட வைத்தாள். கையை விடாமலே, டிக்கெட்டை எந்தத் தேதிக்குப் பார்க்கட்டும் என்று கேட்டாள்.